45ல வேலைய விடணும்னா மொதல்ல ஒரு வருஷ செலவ எழுதிட்டு வாங்க

போன ஆடி மாசம் ஒருத்தர் ஆபீசுக்கு வந்தாரு. பம்ப்செட் கம்பெனில இன்ஜினியர், வயசு 43. இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன் ஃபைல் பண்ணி ஓடிபி எல்லாம் சொல்லி முடிச்சும் கிளம்பாம உக்காந்திருந்தாரு, அப்புறம் மெதுவா ஆரம்பிச்சாரு. "மேடம், 45ல வேலைய விட்டுரலாமுன்னு இருக்கேனுங்க. சொந்த வீடு இருக்குது, கடன் இல்ல, பிஎஃப்பும் மியூச்சுவல் ஃபண்டும் சேத்தா அப்போ ஒரு கோடி வந்துருமுங்க, போதுமுங்களா?" மாசம் என்ன செலவு ஆகுதுன்னு கேட்டேன். கொஞ்சம்கூட யோசிக்காம 35 ஆயிரம்னாரு.

அவரோட பேங்க் ஸ்டேட்மெண்ட் 12 மாசத்துக்கும் என் கம்ப்யூட்டர்லயே இருந்துச்சு, அதனால அப்படியே ரெண்டு பேரும் உக்காந்து கூட்டிப் பாத்தோம். மளிகை, பால், கேஸ், கரண்ட், பெட்ரோல், போன் இதெல்லாம் அவர் சொன்ன 35க்குள்ளதான் இருந்துச்சு, பொய் ஒண்ணும் சொல்லல. ஆனா ஸ்கூல் பீஸ் ரெண்டு தவணை, கார் இன்சூரன்ஸ், வீட்டு வரி, தீபாவளி துணிமணி, அவங்கம்மாவுக்கு கண் ஆபரேஷன், ஆவணியிலயும் தையிலயும் வரிசையா வந்த கல்யாணத்துக்கு மொய், அக்கா பொண்ணு காதுகுத்துக்கு சீர், மோட்டார் காயில் மாத்துனது, ஏடிஎம்ல எடுத்து எதுக்குன்னே ஞாபகம் இல்லாத பணம், எல்லாத்தையும் சேத்து 12ல வகுத்தா மாசம் 58 ஆயிரம் வந்துச்சு. மனுசன் அப்படியே அமைதியாயிட்டாரு. விலைவாசியையும் வட்டியையும் ஓரமா வச்சுட்டு சும்மா வகுத்துப் பாத்தாலே, ஒரு கோடிங்கறது 35 ஆயிரம் செலவுக்கு 23 வருஷம் சொச்சம் வரும், 58 ஆயிரத்துக்கு 14 வருஷத்துல தீந்துடும். அதாவது 45ல விட்டா 60 வயசு ஆகறதுக்குள்ள காலி.

நான் இத எழுதறதுக்கு காரணமே அந்த 23 ஆயிரம் வித்தியாசம்தான். சீக்கிரமே ரிட்டயர் ஆகணும்னு கேட்டுட்டு இப்ப நெறைய பேர் வர்றாங்க, ரீல்ஸ்ல ஃபயர் ஃபயர்னு (FIRE, அதாவது பணம் சேத்துட்டு சீக்கிரம் ரிட்டயர் ஆகறது) பாத்துட்டு 30 வயசு பசங்ககூட வர்றாங்க. எல்லாருமே எந்த ஃபண்டு நல்லா ஏறும், எத்தன சதவீதம் வரும்னுதான் கேக்கறாங்க. என் வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கு நெசமாவே என்ன ஆகுதுங்கறத எழுதி எடுத்துட்டு வந்தவங்கள ஒரு கையில எண்ணிடலாம்.

எங்கப்பா மில்லு தொழிலாளி. 90கள்ல கோயம்புத்தூர்ல ஒவ்வொரு மில்லா மூடிட்டு வந்தப்போ அவரு வேல பாத்த மில்லையும் மூடுனாங்க. அப்போ அப்பாவுக்கு 46 வயசு, நான் ஏழாவது. வேலைய அவரு விடல, வேலைதான் அவர விட்டுச்சு. கைக்கு வந்த செட்டில்மெண்ட் பணத்த வட்டி ஜாஸ்தி தர்றோம்னு சொன்ன ஒரு பைனான்ஸ்ல போட்டாரு, ஒன்றரை வருஷத்துல அதையும் மூடிட்டாங்க. அதுக்கப்புறம் எங்க வீடு நடந்ததே அம்மாவோட தையல் மிஷின்லதான், அது வரைக்கும் பக்கத்து வீட்டு ஜாக்கெட் தைக்கறதுக்குன்னு ஓரமா கெடந்த மிஷின் அது. அதனால சீக்கிரம் ரிட்டயர் ஆகறதுங்கறத பணக்காரங்க ஆசையா என்னால பாக்க முடியல. 45, 50ல நம்ம இஷ்டம் இல்லாமலேயே வீட்டுக்கு வர வேண்டியது இன்னிக்கு ஐடிலயும் நடக்குது, ஃபவுண்ட்ரிலயும் நடக்குது. விருப்பப்பட்டு விடறதுக்கு சேத்தாலும் சரி, அதுவா போனா தாங்கறதுக்கு சேத்தாலும் சரி, சேக்கற வழி ஒண்ணுதான்.

எவ்வளவு வேணும்னு கேப்பீங்க. வருஷ செலவுல 25 மடங்கு இருந்தா போதும், மொத வருஷம் அதுல 4 சதவீதம் எடுத்துட்டு, அப்புறம் விலைவாசிக்கேத்த மாதிரி ஏத்திக்கலாம்னு ஒரு கணக்கு சுத்துது. 1994ல வில்லியம் பெங்கன்னு ஒரு அமெரிக்க ஆலோசகர் அந்த ஊரு பங்கு, பாண்டு கணக்க வச்சு, 30 வருஷம் பணம் தாங்கணும்னு பாத்து சொன்னது அது. நம்ம ஊர்ல 45ல விடறவருக்கு 40 வருஷம் தாங்கணும், விலைவாசியும் வேற. வருஷம் 6 சதவீதம் ஏறுனா 12 வருஷத்துல செலவு ரெட்டிப்பு, இன்னிக்கு 40 ஆயிரத்துல ஓடற வீடு 24 வருஷம் கழிச்சு 1,60,000 கேக்கும். நான் கொறஞ்சது 30 மடங்குன்னுதான் சொல்லுவேன், 35 இருந்தா இன்னும் நிம்மதி.

இங்கதான் சிக்கனத்தோட பலம் எனக்கு புரிஞ்சது. மாசம் 1,000 ரூபா செலவ நிரந்தரமா கொறச்சா, வருஷம் 12,000 மிச்சம்ங்கறது ஒரு பக்கம், அதோட 30 மடங்கு, 3,60,000 ரூபா, நீங்க சேக்க வேண்டிய மொத்தத்துலேர்ந்தே கொறஞ்சுடுது. சம்பளம் ஏறுனா சேக்கறது மட்டும்தான் ஏறும், செலவு எறங்குனா ரெண்டு பக்கமும் வேல செய்யும். விலைவாசிக்கு மேல 3 சதவீதம் வருதுன்னு வச்சு, பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிச்சு 30 மடங்கு சேக்க எத்தன வருஷம் ஆகும்னு போட்டுப் பாத்தேன். வருமானத்துல 10 சதவீதம் சேக்கறவருக்கு 75 வருஷம், 25 சதவீதம் சேக்கறவருக்கு 44 வருஷம், பாதிய சேக்கறவருக்கு 22 வருஷம். அப்போ 23 வயசுல வேலைக்கு சேந்து பாதி சம்பளத்துல வாழ்ந்தாத்தான் 45. இது எல்லா வீட்டுக்கும் முடியாது, முடியலன்னா தப்பும் இல்ல, 50ன்னோ 53ன்னோ வச்சுக்கலாம்.

என்கிட்ட பதினோரு வருஷமா வர்ற ஒரு தம்பதி இருக்காங்க. அண்ணன் சிஎன்சின்னு கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடற மிஷினுக்கு ஆபரேட்டர், அக்கா பிரைவேட் ஸ்கூல் டீச்சர். பெரிய சம்பளம் ரெண்டு பேருக்குமே கெடையாது. கல்யாணம் ஆனப்போ குடிவந்த அதே ரெண்டு ரூம் வீடு, ஒரே பைக்கு. அக்கா ஸ்கூலுக்கு டவுன் பஸ்தான், 2021லேர்ந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைங்கறதால அப்ப வரைக்கும் பஸ்சுக்கு செலவான பணத்த அடுத்த மாசமே ஆர்டி (மாசாமாசம் கட்டற சேமிப்பு) போட்டாங்க. காய்கறி ஞாயித்துக்கெழம சிங்காநல்லூர் உழவர் சந்தையில. ஈபி ரீடிங்க அண்ணன் மாசாமாசம் குறிச்சு வச்சிருப்பாரு, ஏன்னா ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டுச்சுன்னா 100லேர்ந்து 200 வரைக்கும் உள்ள யூனிட்டுக்கு கெடைக்கற பாதி ரேட் சலுகை போயிடும், ஒரு யூனிட் தாண்டுனாலே பில்லு எகிறும், இது நெறைய பேருக்கு தெரியவே தெரியாது. ஆனா பசங்க சாப்பாட்டுலயோ பல்லு வலின்னா டாக்டர்கிட்ட போறதுலயோ அவங்க ஒரு ரூபா கொறச்சதில்ல. அத நான் முக்கியமா சொல்றேன், ஏன்னா சிக்கனம்னு சொல்லிட்டு சுகர் டெஸ்ட் எடுக்காம தள்ளிப்போட்டு பின்னாடி லட்சக்கணக்குல கட்டுனவங்களையும் பாத்திருக்கேன்.

அவங்ககிட்ட எனக்கு ரொம்ப புடிச்சது வேற ஒண்ணு. அக்கா சாயங்காலம் டியூஷன் எடுக்கறாங்க, அண்ணன் லீவு நாள்ல பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளுக்கு புரோகிராம் போட்டுக் குடுக்கறாரு. அந்த பணம் ரெண்டுமே வேற பேங்க்ல தனி அக்கவுண்ட்டுக்கு போகும், அதுக்கு ஏடிஎம் கார்டே வாங்கல, ஜிபேலயும் சேக்கல. சம்பளத்துலதான் குடும்பம். சைடு வருமானம் வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா ரெண்டே மாசத்துல அது இல்லாம முடியாதுங்கற நெலமைக்கு வீடு வந்துரும், அப்புறம் அது சைடு வருமானம் இல்ல, ரெண்டாவது ஷிப்டு, அவ்வளவுதான். 14 வருஷம் அப்படி சேத்து போன வருஷம் அண்ணன் நைட் ஷிப்டு வேலைய விட்டுட்டாரு, 47 வயசு. முழுசா ரிட்டயர் இல்ல, புரோகிராம் வேல மட்டும் அவரு நேரத்துக்கு பண்றாரு, சேத்த பணத்துல கை வைக்கல. என்னக் கேட்டா நம்ம மாதிரி குடும்பங்களுக்கு ஒத்துவர்ற சீக்கிர ரிட்டயர்மெண்ட் இதுதான்.

சைடு வருமானத்துல வர்ற வரி பிரச்சனைய சொல்லியே ஆகணும், ஏன்னா என் டேபிளுக்கு வர்ற நோட்டீஸ்ல பாதி இதுதான். சம்பளத்துக்கு கம்பெனி குடுக்கற ஃபார்ம் 16ஐ மட்டும் வச்சு தாங்களே ரிட்டர்ன் போட்டுக்கறாங்க, ஃப்ரீலான்ஸ் வேல குடுத்த கம்பெனி பணம் குடுக்கும்போதே டிடிஎஸ்னு வரிய புடிச்சிருக்கும், அது வரித்துறை வச்சிருக்கற ஏஐஎஸ் கணக்குல அப்படியே தெரியும். தொழில் வருமானம் ஒரு ரூபா இருந்தாலும் ஐடிஆர் 1ங்கற ரிட்டர்ன் ஃபார்ம் போடக்கூடாது. 2025-26 நிதியாண்டுக்கு புது வரி முறையில 12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு கேட்டுட்டு நெறைய பேர் அசால்ட்டா இருக்காங்க, ஆனா 11 லட்சம் சம்பளம் வாங்கறவருக்கு செலவு போக சைடுல 3 லட்சம் வந்துச்சுன்னா, சம்பளக்காரங்களுக்கு கழிக்கற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75 ஆயிரம் போக மொத்தம் 13,25,000, வரியும் செஸ்ஸும் சேத்து 81,900 ரூபா. சம்பளம் மட்டும்னா பூஜ்யம். அதாவது அந்த 3 லட்சத்துல கால்வாசிக்கு மேல வரி. இது தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி எடுத்து வச்சிருப்பாங்க. டிடிஎஸ் போக கட்ட வேண்டிய வரி 10,000 ஆகவோ அதுக்கு மேலயோ இருந்தா ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச்ன்னு 15ஆம் தேதிக்குள்ள அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும், விட்டா மாசம் 1 சதவீதம் வட்டி. தையல், கேட்டரிங், கட மாதிரி சின்ன வியாபாரத்துக்கு வரவு பேங்க் வழியா வந்தா கொறஞ்சது 6 சதவீதம் லாபம்னு காட்டற சுலப வழி இருக்கு, ஆனா இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கமிஷனுக்கு அது பொருந்தாது, இதுல தெனமும் ஒருத்தராவது தப்பு பண்றாங்க.

கவர்மெண்ட் வேலைல இருக்கறவங்க அனுமதி வாங்காம வியாபாரம் பண்ணக்கூடாதுன்னு நடத்தை விதியே இருக்கு. பிரைவேட்டுலயும் அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர எடுத்து ஒரு தடவ முழுசா படிச்சுட்டு ஆரம்பிங்க.

பிஎஃப் விஷயம் எனக்கு ரொம்ப வருத்தம். 27 வயசுப் பையன் கம்பெனி மாறும்போது 2 லட்சத்த எடுத்து பைக்கு வாங்கிட்டு வந்து நிக்கறான். அஞ்சு வருஷ தொடர் சர்வீஸ் ஆகறதுக்கு முன்னாடி எடுத்தா வரி வேற. அத புது கம்பெனிக்கு மாத்தியிருந்தா பழைய சர்வீசும் சேந்திருக்கும், 8 சதவீத வட்டின்னு வச்சாலே 20 வருஷத்துல 9 லட்சத்த தாண்டியிருக்கும். 45ல வேலைய விடணும்னு ஆசப்படறவங்க மொதல்ல கைய கட்டிப்போட வேண்டிய எடம் இது. பிபிஎஃப்ங்கற அரசு சேமிப்புல போடறவங்க மாசம் 5ஆம் தேதிக்குள்ள போட்டுருங்க, 5ஆம் தேதிலேர்ந்து மாசக் கடைசி வரைக்கும் இருக்கற கொறஞ்ச பேலன்சுக்குத்தான் வட்டி கணக்கு.

நகைய சேமிப்புன்னு நெனச்சு வாங்கறது பத்தி ரொம்ப பேசல. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி, இதெல்லாம் விக்கும்போது திரும்பி வராது. போட்டுக்க ஆசன்னா வாங்குங்க, ரிட்டயர்மெண்ட் கணக்குல எழுதாதீங்க. ஏலச்சீட்டுன்னா ரிஜிஸ்டர் பண்ணது மட்டும்.

அப்புறம் மெடிக்கல் இன்சூரன்ஸ். கம்பெனி குடுக்கற குரூப் பாலிசி வேலையோட சேந்து போயிடும். ஒருத்தர் 48ல வேலைய விட்டாரு, விட்டு மூணு மாசம் கழிச்சு தனியா பாலிசி எடுக்கப் போனப்போ சுகரும் பிரஷரும் இருக்குன்னு தெரிஞ்சது, ஏற்கனவே உள்ள நோய்க்கு மூணு வருஷம் காத்திருங்கன்னு சொல்லிட்டாங்க. அந்த மூணு வருஷத்துக்குள்ள ஆஞ்சியோ. சேத்ததுல 4 லட்சம் ஒரே வாரத்துல போச்சு. வேலைல இருக்கும்போதே, ஒடம்பு நல்லா இருக்கும்போதே குடும்பத்துக்கு தனியா ஒரு பாலிசி எடுத்து வச்சா, அந்த காத்திருப்புக் காலம் சம்பளம் வாங்கிட்டிருக்கும்போதே ஓடிடும். இத தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க.

அந்த பம்ப்செட் கம்பெனி இன்ஜினியர் போன மாசம் திரும்ப வந்தாரு, கூட அவங்க வீட்டம்மாவும். 80 பக்க நோட்டு ஒண்ணு கொண்டுவந்திருந்தாங்க, எழுதுனது பூரா அந்தம்மா. ஒவ்வொரு மாசத்துக்கும் நாலு பக்கம், மாசத்துக்கு ஒரு தடவ வர்ற செலவு ஒரு பக்கம், வருஷத்துக்கு ஒரு தடவ வர்றது ஒரு பக்கம். கார வித்துட்டாங்க, ஏன்னா மாசத்துல நாலு நாளுக்கு மேல அது ஓடறதில்லைன்னு நோட்டு எழுதினப்போதான் தெரிஞ்சுதாம். 58 ஆயிரம் 49 ஆயிரத்துக்கு எறங்கியிருக்கு. 49 ஆயிரத்துக்கு 30 மடங்குன்னா 1 கோடியே 76 லட்சம் சொச்சம், அதனால 45ங்கறத 51ன்னு மாத்திருக்காரு, அதுக்கு அவருக்கு வருத்தமும் இல்ல. "மேடம், குலதெய்வம் கோயிலுக்கு மூணு வருஷத்துக்கொருக்கா கிடா வெட்டறோமுங்க, அத எந்த பக்கத்துல எழுதறதுங்க?"ன்னு அந்தம்மா கேட்டாங்க. மூணுல வகுத்து வருஷ பக்கத்துல போடச் சொன்னேன், பையில இருந்து பேனாவ எடுத்து அங்கேயே எழுதிக்கிட்டாங்க.