மாமல்லபுரத்தில் இலங்கை பாஸ்போர்ட் உள்ளவருக்கு நுழைவுக் கட்டணம் 40 ரூபாய்தான், 600 அல்ல

ஊர்ப் பெயர் வேண்டாம், ஒரு கோட்டை வாசலில் பார்த்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வயதான தம்பதியின் பேச்சைக் கேட்டதுமே, டிக்கெட் கொடுப்பவர் வெளிநாட்டுக் கட்டணத்தை வாங்கிவிட்டார். அவர்களும் ஒன்றும் கேட்காமல் எண்ணிக் கொடுத்தார்கள். சரியான கட்டணம் எழுதிய பலகை பக்கத்திலேயேதான் இருந்தது. நான் போய்க் கேட்டபோது, "டிக்கெட் கிழிச்சாச்சு சார்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

மத்திய தொல்லியல் துறை கட்டணம் வாங்கும் நினைவுச்சின்னங்களில் சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு), பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடாப் பகுதி நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டவருக்கும் இந்தியருக்கான கட்டணமே. இலங்கை இரண்டிலும் உண்டு. மாமல்லபுரத்தில் அது 40 ரூபாய். மற்ற வெளிநாட்டவருக்கு 600. விதி இவ்வளவுதான்.

சிக்கல் வாசலில்தான் வரும். ஒரிஜினல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று விடுதியில் வைத்துவிட்டு, போனில் இருக்கும் படத்தைக் காட்டினால் ஏற்பார்கள் என்று நம்ப வேண்டாம். பணத்தை நீட்டும் முன் பாஸ்போர்ட்டை நீட்டுங்கள், "இலங்கை, சார்க்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டிக்கெட் கைக்கு வந்தபின் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

அடுத்தது, நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். பிறந்த ஊர் கணக்கில் வராது, குடியுரிமைதான் கணக்கு. யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு 600தான். மலேசியாவும் சிங்கப்பூரும் இந்தக் கூட்டமைப்புகளில் இல்லை. அங்கிருந்து வரும் நம்மவர்களுக்கு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தால் மட்டுமே 40. தாத்தா தஞ்சாவூர்க்காரர் என்பதற்கு எத்தனை சான்று காட்டினாலும், அட்டை இல்லாமல் பயனில்லை. அட்டை இருந்தும் "அதெல்லாம் செல்லாது" என்று சொல்லிவிட்டால்? உள்துறை அமைச்சகத்தின் 4 மார்ச் 2021 அறிவிக்கை நினைவுச்சின்னங்கள், அருங்காட்சியகங்கள், தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள் எல்லாவற்றிலும் ஓசிஐ அட்டைக்காரருக்கு இந்தியருக்கான கட்டணம்தான் என்கிறது. அதன் நகல் ஒன்றைப் போனில் வைத்திருங்கள். அரசு தானே போட்ட உத்தரவை அரசு ஊழியருக்கு நாம் காட்ட வேண்டியிருப்பது அநியாயம்தான், ஆனாலும் அது இருந்தால் வாக்குவாதம் சீக்கிரம் முடியும்.

ஆன்லைனில் எடுத்தால் 40 என்பது 35 ஆகும். ஆனால் அவசரத்தில் நாட்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் பணம் போனது போனதுதான். அந்த டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது. உள்ளே போகும்போதும் அடையாள அட்டை கேட்பார்கள்.

பதினைந்து வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு டிக்கெட்டே வேண்டாம். வளர்ந்த பிள்ளையாகத் தெரிந்தால் வயதுச் சான்றைக் கையோடு கொண்டு போங்கள்.

அப்புறம், கடற்கரைக் கோயிலைப் பார்த்த கையோடு டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அன்றைக்கே ஐந்து ரதங்களுக்கும் அதே டிக்கெட்தான். அர்ச்சுனன் தபசை ரோட்டில் நின்றே பார்க்கலாம். அதற்கு டிக்கெட் வேண்டும் என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.