நுரையாக எழும் பால்தான் குழாயில் படையாகவும் காய்கிறது

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகன் காப்பி மெஷின் வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. "முதல்ல நுரை நல்லா வந்துச்சுடா, இப்ப சோப்புத் தண்ணி மாதிரி பெரிசு பெரிசா குமிழிதான் வருது, பாலும் ஒரு மாதிரி வாடை அடிக்குது, என்னான்னு பாரு" என்றார் அத்தை. பாலை நுரைக்க வைக்கும் நீராவிக் குழாயின் நுனியைத் திருகிக் கழற்றிப் பல்குச்சியை விட்டுப் பார்த்தேன். மஞ்சளும் பழுப்புமாக, காய்ந்த பசை மாதிரி ஒரு கட்டி வந்தது. நுனியில் இருந்த நான்கு துளைகளில் இரண்டு முழுசாக அடைத்துப் போயிருந்தன. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, ஊசியால் துளைகளைக் குத்தி எடுத்தோம். அப்புறம் அதே மெஷினில், அதே பாலில், வெள்ளைப் பெயிண்ட் மாதிரி பளபளவென்று நுரை வந்தது.

அந்த மஞ்சள் கட்டியும் இந்த நுரையும் ஒரே பொருளின் வேலை. கப்புச்சினோ, அதாவது பால்நுரை மிதக்கும் காப்பி, போடுவதையும் மெஷினைக் கழுவுவதையும் இரண்டு தனி வேலையாக நினைப்பதால்தான் பலருக்கும் இரண்டுமே சரியாக வருவதில்லை.

100 மில்லி பாலில் சுமார் 3.3 கிராம் புரதம் இருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன், மீதி வே புரதம், ஜிம்முக்குப் போகிறவர்கள் டப்பாவில் வாங்குகிறார்களே அதேதான். புரத மூலக்கூறு ஒவ்வொன்றிலும் தண்ணீரோடு ஒட்டும் பகுதியும் உண்டு, தண்ணீரை விட்டு விலகி ஓடப் பார்க்கும் பகுதியும் உண்டு. பாலுக்குள் ஒரு காற்றுக் குமிழி நுழைந்தால், விலகி ஓடும் பகுதி காற்றுப் பக்கம் திரும்பிக்கொள்கிறது, மற்றது பாலிலேயே நிற்கிறது. இப்படி கோடிக்கணக்கில் வரிசை கட்டி ஒன்றோடொன்று பிணைந்து குமிழியைச் சுற்றி ஒரு தோலாகி விடுகின்றன. சூடு ஏறும்போது நூல் பந்து மாதிரி சுருண்டிருக்கும் வே புரதம் அவிழ்ந்து இன்னும் இறுக்கமாகப் பிணைகிறது. நுரை நிற்பது இந்தத் தோலால்தான்.

அவிழ்ந்த புரதம் காற்றை மட்டும் தேடிப் போவதில்லை. சூடான எஃகு கிடைத்தால் அதிலும் இதே மாதிரி ஒட்டிக்கொள்ளும். நீராவிக் குழாயோ 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது, அதன் மேல் பட்ட பால் சில நொடிகளில் வெந்து தோலாகிவிடும். அடுத்த கப் போடும்போது அதன் மேல் இன்னொரு தோல்.

மாமாக் கடையில், அதாவது இங்கே இந்திய முஸ்லிம்கள் நடத்தும் உணவுக்கடையில், தே தாரிக் என்னும் பால் தேநீரை இழுத்து ஆற்றுவதைப் பார்த்தால் நுரைக்குக் காற்று எப்படிப் போகிறது என்று புரியும். உயரத்திலிருந்து விழும் தேநீர் தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு குவளைக்குள் குத்துகிறது, கெட்டிப்பாலில் உள்ள புரதம் அதைப் பிடித்து வைக்கிறது. அந்தக் குமிழிகள் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கும், தே தாரிக்குக்கு அதுவே அழகு. கப்புச்சினோவுக்குக் குமிழி தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியக்கூடாது. அதனால் வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதலில் குழாயின் நுனி பாலின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் இருக்கட்டும், காகிதம் கிழிகிற மாதிரி 'ச்ச், ச்ச்' என்று சத்தம் வரும், அது காற்று உள்ளே போகும் சத்தம். ஜக்கின் அடிப்பக்கம் உள்ளங்கைச் சூட்டுக்கு வந்ததும், அதாவது 37 டிகிரி வாக்கில், நுனியை இன்னும் கொஞ்சம் உள்ளே இறக்கி ஜக்கைச் சாய்த்துப் பாலைச் சுழல விட வேண்டும். பெரிய குமிழிகள் அந்தச் சுழலில் உடைந்து பொடிப்பொடியாகிப் பாலோடு கலக்கும். சுழல் இல்லாவிட்டால் மேலே பஞ்சு, கீழே வெறும் பால் என்று பிரிந்து நிற்கும்.

60 முதல் 65 டிகிரிக்குள் நிறுத்திவிடுங்கள். 70ஐத் தாண்டினால் வே புரதத்தில் இருக்கும் கந்தகம் வெளிப்பட்டு அவித்த முட்டை மாதிரி லேசாக வாடை வரும், நுரையும் சீக்கிரம் அமுங்கும்.

நம் ஊர் வெயிலுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாலை மேசையில் வைத்துவிட்டு மெஷின் சூடாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். 4 டிகிரியில் இருக்கும் பாலுக்கு 37 வரை போக நேரம் கிடைக்கிறது, அந்த நேரம்தான் காற்று ஏற்றுவதற்கான நேரம். அறைச் சூட்டுக்கு வந்துவிட்ட பாலில் தொடங்கினால் அது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஜக்கையும் சேர்த்தே குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது என் பழக்கம்.

நீராவி பாலைச் சுடவைப்பது, அது தண்ணீராக மாறும்போது விடுகிற வெப்பத்தால். 150 மில்லி பாலை 5 டிகிரியிலிருந்து 62க்குக் கொண்டுவரக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 14 கிராம் நீராவி வேண்டும், அவ்வளவும் தண்ணீராகப் பாலில் கலக்கும், கிட்டத்தட்ட ஒரு மேசைக்கரண்டி. இதற்கு மேல் குழாயில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரும் சேர்ந்தால் காப்பி சப்பென்று போகும். ஆகவே ஜக்கை வைப்பதற்கு முன்னால் ஒரு முறை நீராவியை வெறுமனே திறந்து விடுங்கள். பால் முடிந்த உடனே இன்னொரு முறை. இந்த இரண்டாவது முறையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நீராவியை அடைத்ததும் குழாயில் மிச்சமிருக்கும் நீராவி குளிர்ந்து சுருங்கி வெற்றிடமாகும், நுனி பாலுக்குள் இருந்தால் பாலை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அத்தை வீட்டில் கிடைத்த கட்டி அப்படி உள்ளே போன பால்தான்.

கப்புச்சினோவில் பாலோடு சேரும் கெட்டிக் காப்பியான எஸ்பிரெசோவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 18 கிராம் தூள், 93 டிகிரி தண்ணீர், 9 பார் அழுத்தம், 25 முதல் 30 நொடிக்குள் 36 கிராம் காப்பி, இதைச் சுற்றித்தான் எல்லா மாற்றங்களும். ஆனால் கொட்டை விஷயத்தில் கவனம் வேண்டும். கோப்பித்தியாமில், அதாவது நம் ஊர்க் காப்பிக் கடையில், குடிக்கும் கோப்பி ஓ என்னும் பால் இல்லாத காப்பி நமக்கெல்லாம் உயிர், எனக்கும்தான். அந்தக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுக்கிறார்கள். அதை மெஷினின் அரவைக்குள் போட்டால் பாகும் கொழுப்பும் பற்களில் பிசினாக ஒட்டி அரவையே நின்றுவிடும். அதற்குத் துணி வடிகட்டிதான் சரி.

காப்பித்தூளில் எண்ணெய் உண்டு. அது சல்லடையிலும் தண்ணீர் இறங்கும் வாயிலும் படிந்து, நாளாக ஆகப் பழைய கடலை எண்ணெய் மாதிரி காறும். இதற்கு மெஷினுக்கென்று விற்கும் காரச் சோப்புத்தூள் வேண்டும், சல்லடையை அதில் ஊறவைத்தால் தண்ணீர் பழுப்பாகிவிடும். தண்ணீரிலிருந்து பாய்லரில் படியும் உப்புப்படை வேறு விஷயம், அதற்கு அமிலம். பத்துமலையில் குகைக் கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதுகளைப் பார்த்திருப்பீர்கள். மழைநீர் கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது, குகைக்குள் சொட்டும்போது வாயு பிரிந்து போக, கரைந்த சுண்ணாம்பு திரும்பக் கல்லாகிறது. பாய்லரில் சூடு அதே வாயுவை விரட்டுகிறது, அதே கல் உட்சுவரில் படிகிறது. எலுமிச்சை உப்பு என்னும் சிட்ரிக் அமிலம் அதைக் கரைக்கும். அலுமினிய பாய்லராக இருந்தால் அமிலம் உலோகத்தையும் அரிக்கும், கையேட்டில் சொன்ன மருந்தை மட்டும் போடுங்கள். காரம் கல்லைக் கரைக்காது, அமிலம் எண்ணெயை எடுக்காது, ஒன்றுக்குப் பதில் ஒன்று ஆகாது.

கோலாலம்பூர் ஈரத்தில் காப்பிச் சக்கை இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும், பால் சிந்திய தட்டுக்கு எறும்பு வரும், மெஷினின் வெதுவெதுப்புக்குக் கரப்பான் பூச்சியும் வரும். சக்கையைத் தினமும் கொட்டிவிடுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறீர்களென்றால் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து மூடியைத் திறந்தே வைத்துவிட்டுப் போங்கள்.

அத்தை வீட்டில் இப்போது மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு ஈரத்துணி தொங்குகிறது. நீலத்துணி குழாய்க்கு மட்டும், பால் முடிந்த கையோடு சூடு ஆறுவதற்குள் துடைக்க, ராத்திரி வெந்நீரில் அலசிக் காயப்போட்டுவிடுகிறார். தட்டுத் துடைக்கும் துணியை அதோடு சேர்த்துத் தொங்கவிடக்கூட அவர் விடுவதில்லை.