எண்ணெயில் மிதக்கும் கிராங்க்

ஊட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேரட் மூட்டைகளை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கி, திரும்பும்போது உரமூட்டை ஏற்றி வரும் பழைய பெட்ரோல் வேன். மூன்று சிலிண்டர், 2,30,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. "ஏத்தத்துல டொக் டொக்னு கொட்டுது சார். ஒரு மெக்கானிக் 'பேரிங் மட்டும் மாத்துனா போதுங்ணா'ங்கறாரு. இன்னொருத்தர் கம்ப்ரஷன் பாத்துட்டு, 'இன்ஜினை இறக்கி போர் அடிச்சு, ரிங் பிஸ்டன் எல்லாம் புதுசா போடணும்'ங்கறாரு. யாரு பேச்சைக் கேக்க?"

முதலாமவர் சொல்வது ஒரு வாரக் கேரட் காசு. இரண்டாமவர் சொல்வது (சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து, பிஸ்டனையும் அதைச் சுற்றியிருக்கும் ரிங்குகளையும் மாற்றுவது) ஒரு போகம். ஆகவே கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

பெட்ரோல் எரிகிறது, பிஸ்டன் இறங்குகிறது, கனெக்டிங் ராடு கிராங்க் தண்டைச் சுழற்றுகிறது. இது பள்ளிக்கூடத்துப் பாடம், தாண்டிப் போகலாம். ராடு கிராங்கைப் பிடித்திருக்கும் இடம்தான் நமக்கு முக்கியம். பேரிங் என்றதும் சைக்கிள் கடை பால்ரஸ் குண்டுகள் நினைவுக்கு வரும். இங்கே குண்டு கிடையாது. அரைவட்டமாக வளைத்த இரண்டு தகடுகள், அவ்வளவுதான். மெக்கானிக்குகள் 'ஷெல்' என்பார்கள். முதுகு எஃகு, உள்பக்கம் மெல்லிய, மிருதுவான உலோகப் பூச்சு. 70 மில்லிமீட்டர் பிஸ்டன் முழு இழுப்பில் வெடிக்கும்போது இந்தத் தகட்டின் மேல் விழும் சுமை ஏறக்குறைய இரண்டு டன். அதுவும் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல். நகத்தால் கீறினால் கோடு விழும் உலோகம் இரண்டு லட்சம் கிலோமீட்டர் எப்படித் தாங்குகிறது?

தாங்குவது அதுவல்ல. எண்ணெய். ஆயில் பம்ப் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பம்ப் தரும் அழுத்தம் மூன்று நான்கு பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தம்). இரண்டு டன்னைத் தூக்க அதைப்போலப் பல பத்து மடங்கு வேண்டும். அது எங்கிருந்து வருகிறது?

1883இல் பிரிட்டனில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு மாதிரியான ஒரு பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக மேல்தகட்டில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் உள்ளே போகவில்லை, வெளியே பொங்கியது. மரக்கட்டையால் அடைத்தார், கட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தது. சரி, அழுத்தமானியையே மாட்டுவோம் என்று மாட்டினார். பேரிங்கின் மேல் இருந்த சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. முள் 200ஐத் தாண்டிவிட்டது. மூன்று ஆண்டு கழித்து, 1886இல், ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் என்ற பொறியியல் பேராசிரியர் இதற்குக் கணக்கு எழுதினார்.

சூட்சுமம் இடைவெளியின் வடிவத்தில் இருக்கிறது. ஷெல்லின் துளை, கிராங்க் தண்டைவிட ஒரு முடியளவு பெரிது, 50 மி.மீ. தண்டுக்குச் சுமார் 0.05 மி.மீ. சுமை விழும்போது தண்டு ஒரு பக்கமாக ஒதுங்கும். அப்போது சுற்றியிருக்கும் இடைவெளி பிறை நிலா மாதிரி ஆகிவிடும்: ஒரு பக்கம் அகலம், போகப் போகக் குறுகல். எண்ணெய்க்கு ஒட்டும் குணம் உண்டு. சுழலும் தண்டு தன்மேல் ஒட்டிய எண்ணெயை இழுத்துக்கொண்டு அந்தக் குறுகலுக்குள் ஓடுகிறது. மே மாதம் மலர்க் கண்காட்சி வாசலில் பின்னாலிருந்து கூட்டம் நெருக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் அமுங்காது, திரும்பிப் போகவும் வழியில்லை. அழுத்தம் ஏறி ஏறி, தண்டையே தூக்கி மிதக்கவிடுகிறது. பம்ப்பின் வேலை எண்ணெயைக் கொண்டுவந்து சேர்ப்பது மட்டும். தூக்குகிற ஆள் சுழற்சிதான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. தன்னை நசுக்க வரும் இரும்பின் ஓட்டத்தையே வாங்கி, அதே இரும்பைத் தூக்குகிறது ஒரு மெல்லிய படலம். மிகக் குறுகிய இடத்தில் அதன் கனம் ஒரு சில மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

ஆகவே படலம் மூன்றை நம்பியிருக்கிறது. வேகம் வேண்டும், எண்ணெயில் கெட்டி வேண்டும், சுமை அளவோடு இருக்க வேண்டும். மலைப்பாதையில் நாம் செய்வதைப் பாருங்கள். கோத்தகிரி ஏற்றத்தில் மூட்டையோடு, பெட்ரோல் மிச்சம் என்று மூன்றாவது கியரிலேயே அமுக்கி ஏற்றுகிறோம். இன்ஜின் முக்குகிறது: சுற்று குறைவு, சுமை உச்சம். இரண்டாவதுக்கு இறக்கினால் அதே வேகத்துக்குச் சுற்று கூடும், ஒவ்வொரு வெடிப்பின் பளுவும் குறையும். படலத்துக்கு இரண்டும் நல்லது. 'கத்த விட்டா இன்ஜின் கெட்டுப்போகும்' என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அளவோடு கத்துகிற இன்ஜினைவிட முக்குகிற இன்ஜின்தான் ஷெல்லைத் தின்கிறது.

தேய்ந்தபின் நடப்பதும் விசித்திரம். இடைவெளி இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்தில் ஓரங்களில் வழியும் எண்ணெய் இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. கனத்தின் மும்மடிக்கு ஏற்ப ஒழுக்கு கூடும். காலையில் ஊட்டிக் குளிரில் அமைதியாக இருக்கும் வண்டி, சூடேறியதும் ஐடிலில் ஆயில் லைட்டைச் சிமிட்டுவது இதனால்தான். 40 டிகிரியில் இருந்த கெட்டி, 100 டிகிரியில் கிட்டத்தட்ட எட்டில் ஒன்றாகிவிடும். இதற்குக் கடையில் 'சத்தம் போக்கும்' மருந்து பாட்டில் விற்கிறார்கள். பெரும்பாலும் எண்ணெயைக் கெட்டியாக்கும் சரக்குதான். தேய்ந்த உலோகம் திரும்ப முளைக்காது. சக்கரத்தடியில் வைக்கும் எலுமிச்சம்பழமாவது விலை குறைவு.

இனி, இரண்டாவது மெக்கானிக்கின் கம்ப்ரஷன் கணக்கு, அதாவது பிஸ்டன் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்ற அளவு. மூன்று சிலிண்டருக்கும் மீட்டர் சதுர அங்குலத்துக்கு 138, 140, 136 பவுண்டு காட்டியதாம். 180 வரணும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். அந்தப் புத்தகம் சமவெளிக் காற்றுக்கு எழுதியது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். இழுக்கிற காற்றே குறைவு என்றால் அமுக்கினால் மட்டும் எப்படி 180 வரும்? கீழே 180 காட்டும் நல்ல இன்ஜின் ஊட்டியில் 140ஐ ஒட்டித்தான் காட்டும். மூன்றும் ஒன்றுபோல இருப்பதுதான் நல்ல செய்தி. ஒன்று மட்டும் 100 என்றால் கவலைப்படலாம். அப்போதுகூட அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பார்க்க வேண்டும்: அளவு ஏறினால் ஒழுக்கு ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில்.

இன்னொரு சோதனையை நம் சாலையே இலவசமாகச் செய்து தருகிறது. மேலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் இன்ஜினுக்குள் அப்போது பலமான வெற்றிடம் உண்டாகும். வால்வு சீலோ ரிங்கோ தளர்ந்திருந்தால் எண்ணெயை உறிஞ்சும். அடிவாரத்தில் மிதித்ததும் பின்னால் நீலப்புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். நம் வாசகரின் வண்டியில் வரவில்லை.

ஆக, சிலிண்டர், பிஸ்டன், ரிங் இருக்கும் மேல்பாதி தப்பித்தது. கீழ்பாதியை ஊகத்தில் தீர்க்கக் கூடாது. இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பைக் கழற்றிக் கண்ணால் பார்க்க வேண்டும். ஷெல் சாம்பல் நிறத்தில் ஒரே சீராகத் தேய்ந்திருந்து, கிராங்க் பின் (கிராங்கில் ராடு பிடித்திருக்கும் இடம்) வழவழவென்று இருந்தால் கீழிருந்தே புது ஷெல் போட்டு மூடிவிடலாம். பின்னில் நகத்தை ஓட்டும்போது கோட்டில் மாட்டினாலோ, மைக்ரோமீட்டரை இரண்டு வாக்கில் வைத்தால் இரண்டு அளவு வந்தாலோ புது ஷெல் வீண். வட்டமில்லாத தண்டில் அந்தப் பிறை ஒழுங்காக அமையாது. கிராங்கை லேத்துக்கு அனுப்பி 0.25 மி.மீ. சாணை பிடித்து, அதற்கேற்ற கனமான ஷெல் போட வேண்டும்.

உராய்வையும் தேய்மானத்தையும் தனித்துறையாகப் படிக்க வேண்டும் என்று பிரிட்டன் ஒரு அறிக்கை போட்டது 1966இல். ஒழுங்காகக் கவனித்தால் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சம் என்றது பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான அந்தக் குழு. நம் ஊரில் ராக்கெட் படம் போட்டுக் கேட்டால் ஆய்வுக்குப் பணம் வரும். எண்ணெய்ப் படலத்துக்கு எந்தப் படத்தைப் போடுவது?

வாசகர் சம்ப்பைக் கழற்றிப் படம் அனுப்பினார். மூன்றாவது ராடின் ஷெல்லில் பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிகிறது. பின்னில் நகம் மாட்டுகிறதாம். எனவே கிராங்க் மட்டும் கோயம்புத்தூர் போகிறது. போரைத் தொட வேண்டாம் என்றேன். ஆயில் பம்ப்பையும் கிராங்கின் எண்ணெய்த் துளைகளையும் கழுவாமல் மூடாதீர்கள், உதிர்ந்த செம்புத் தூள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும் என்றும் சொன்னேன். கூடவே, ஏற்றத்தில் எந்தக் கியர் என்று விசாரித்தேன். மூன்றாவதுதான். இனி இரண்டாவதில் ஏற்றுங்கள் என்றேன்.

"சரிங்க சார்," என்றார். "பெட்ரோலு யாரு போடறது?"