மீட்டு வந்த நாயை முதல் இரண்டு வாரம் கொஞ்சாதீர்கள்

கார்த்திகை பிறந்துவிட்டால் திருநெல்வேலியில் தெருவுக்குத் தெரு நாய்க்குட்டிகள் கண் திறக்கும். எங்கள் கிளினிக்குக்கும் அட்டைப்பெட்டிகள் வர ஆரம்பிக்கும். வாய்க்கால் கரையில் சாக்கோடு கிடந்தது என்று ஒருவர் கொண்டு வருவார். நான்குவழிச்சாலையில் வண்டி அடித்துப் போட்ட தாய் நாயை ஆட்டோக்கார அண்ணாச்சி ஒருவர் பின்சீட்டில் கிடத்திக் கொண்டுவருவார். கோயில் வாசலில் கழுத்துப்பட்டையோடு விட்டுவிட்டுப் போன பக், வயதாகி இடுப்பு விழுந்த லாப்ரடார், இப்படியும் வரும். வைத்தியம் பார்ப்பது என் வேலை, அதைச் செய்துவிடுகிறேன். ட்ரிப்ஸ் கழற்றி, கட்டுப்போட்டு முடித்ததும் இது இனி எங்கே படுக்கும் என்ற கேள்வி வரும். நம்ம ஊரில் அதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான், யாரோ ஒருவர் வீடு.

அப்படி வீட்டைத் திறந்துவிடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நிரந்தரமாக வளர்க்க முடியாது, நல்ல இடம் கிடைக்கிறவரை வைத்துக்கொள்கிறோம் என்று வருகிறவர்கள் எல்லாருமே மனசார வருகிறவர்கள். அந்த நாய்களில் சில மறுபடி என்னிடம் மோசமான நிலையில் வருகின்றன. காரணம் பார்த்தால் யாரும் கொடுமைப்படுத்தியிருக்க மாட்டார்கள். வந்த அன்றே குளிப்பாட்டியிருப்பார்கள், பசியாய் இருக்கும் என்று கறியும் சோறுமாய் வயிறு முட்டப் போட்டிருப்பார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து தூக்கிப் பார்த்திருக்கும், வீட்டு நாயோடு சேர்த்து விட்டிருப்பார்கள். எல்லாமே பாசத்தால் செய்ததுதான். ஆனால் தெருவிலிருந்து வந்த உயிருக்கு முதல் இரண்டு வாரம் தேவைப்படுவது தனி இடமும் அமைதியும், நேரத்துக்குச் சாப்பாடும்தான்.

ஏன் இரண்டு வாரம்? பார்வோ வைரஸ் உடம்புக்குள் போனால் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளில் வாந்தியும் ரத்தப்பேதியுமாக வெளியே தெரியும். டிஸ்டெம்பர் என்கிற இன்னொரு வைரஸ் நோய்க்கு ஒன்று இரண்டு வாரம் ஆகும், சில நேரம் அதற்கு மேலும். கண்ணில் பீளை, மூக்கில் சளி, சாப்பாட்டில் விருப்பமில்லை என்று ஆரம்பித்து, அப்புறம் சூயிங்கம் மெல்லுவது போலத் தாடை ஆடும், வலிப்பு வரும். இன்றைக்குத் துள்ளி விளையாடுகிற குட்டி நோயை உள்ளே வைத்துக்கொண்டே விளையாடலாம். அதனால் வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால், அதன் தடுப்பூசிகள் தவணை தப்பாமல் இருந்தாலொழிய ஃபாஸ்டர் நாயை, அதாவது இப்படித் தற்காலிகமாக வைத்துக்கொள்கிற நாயை, உள்ளே கொண்டுவரவே வேண்டாம். போட்டிருந்தாலும் இரண்டு வாரம் தனித்தனிதான்: தனித்தட்டு, தனிப் பாய், இதைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அதைத் தொடுவது.

இடம் எது என்று கேட்பார்கள். புறவாசல் பக்கத்து அறையோ, தார்சாவின் ஒரு மூலையைத் தட்டி வைத்து மறைத்ததோ, உபயோகத்தில் இல்லாத குளியலறையோ போதும். கழுவிவிடுகிற தரையாக இருக்க வேண்டும், காற்று வர வேண்டும். மொட்டைமாடி வேண்டவே வேண்டாம். சித்திரை வைகாசியில் பாளையங்கோட்டை வெயிலில் அந்தத் தளத்தில் நீங்கள் வெறுங்காலோடு ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். தகர ஷீட்டுக்குக் கீழேயும் அதே கதைதான். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்கள் வெப்பத்தில் மூச்சிரைத்தே செத்துப்போகும், அவற்றுக்கு மின்விசிறி இருக்கிற அறை கட்டாயம். தண்ணீரை அகலமான மண் சட்டியில் வையுங்கள், தட்டிவிட முடியாது, குளிர்ச்சியாகவும் இருக்கும்.

குட்டிக்குப் பார்வோ வந்துவிட்டால் இன்னொரு விஷயம். நாம் வீட்டில் ஊற்றுகிற ஃபினாயில் அந்த வைரஸை ஒன்றும் செய்யாது. முதலில் அசுத்தத்தை வாரி, சோப்புத் தண்ணீரால் தரையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதற்கு மேல் ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிஷம் ஊற விட வேண்டும். மண் தரையை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருஷம்கூடக் கிடக்கும். ஒரு குட்டி பார்வோவில் போன முற்றத்துக்கு அடுத்த மாதமே தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியைக் கொண்டு வருகிறவர்களிடம் நான் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிடுவேன். ஆனால் பெரிய நாய், தடுப்பூசி முடிந்த நாய் என்றால் தாராளமாக எடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ரொம்ப நாள் பட்டினி கிடந்த நாய்க்கு ஒரே நேரத்தில் நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் உப்புகளின் அளவு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். கையளவு சோறு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி அல்லது முட்டை, ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாகப் பிரித்துக் கொடுங்கள், அளவைச் சில நாளில் மெல்லக் கூட்டுங்கள். வேகவைத்த கோழி எலும்பு கூடாது, அது கூர்மையாக உடைந்து குடலைக் கிழிக்கும். பால் பிஸ்கட்டை நாய்ச் சாப்பாடு என்று நினைக்கிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அதில் மாவையும் சர்க்கரையையும் தவிர ஒன்றுமில்லை.

கண் திறக்காத குட்டிகள் தனிக்கதை. பசும்பால் அவற்றுக்குப் பேதியாகும், நாய்க்குட்டிக்கென்றே பால்மாவு கிடைக்கிறது. ஆனால் பாலுக்கு முன்னால் சூடு. உடம்பு குளிர்ந்து கிடக்கிற குட்டிக்குப் பால் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு கதகதப்பானதும்தான் பால். கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டு ஊட்டாதீர்கள், பால் நுரையீரலுக்குப் போய்விடும்; குப்புறப் படுக்கவைத்து, தலையைக் கொஞ்சம் தூக்கிய நிலையில் ஊட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே துடைத்துவிடுங்கள். தாய் நக்கிவிடுவதால்தான் அவற்றுக்கு மூத்திரமும் மலமும் வரும், முதல் மூன்று வாரம் தானாகப் போகத் தெரியாது. இது தெரியாமலே பல குட்டிகளை இழக்கிறோம்.

உண்ணியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதுவும் நாயின் மேல் இடாது, சுவர் வெடிப்பிலும் கதவு நிலை இடுக்கிலும் போய் இடும். நம் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் ஒரு தடவை ஏறிவிட்டால் மாதக்கணக்கில் போராட வேண்டும். வந்த அன்றே டாக்டரிடம் காட்டி, எடைக்குத் தகுந்த மாத்திரையோ மருந்தோ போட்டுவிடுங்கள். அந்த உண்ணி கொண்டுவருகிற காய்ச்சலில் நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, சில சமயம் மூக்கில் ரத்தம் கூட வடியும். ரத்தப் பரிசோதனை செய்து சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகிற நோய்தான்.

சொறி பிடித்த நாய்க்கு மண்ணெண்ணெயும் மெக்கானிக் ஷெட்டில் வடித்த கழிவு ஆயிலும் பூசிக் கொண்டுவருகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நாய் நக்கும், விஷம் உள்ளே போகும், தோலும் வெந்துபோகும். சொறியிலும் ஒரு வகை மனிதருக்கும் ஒட்டி அரிக்கும், இன்னொரு வகை ஒட்டாது. பார்த்த பார்வையில் சொல்ல முடியாது, தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கொண்டுபோய்க் காட்டலாம்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது தெரு நாய்களுக்கு மாடிப்படியைத் திறந்துவிட்ட வீடுகளை நான் அறிவேன். அதை நினைத்தால் இன்றைக்கும் இந்த ஊர்மேல் எனக்குப் பெருமைதான். ஆனால் தேங்கிய தண்ணீரில் கிடந்து வந்த நாய்க்கு எலிக்காய்ச்சல் இருக்கலாம், அதன் மூத்திரம் வழியாக நமக்கும் வரும். மழைக்காலத்தில் எடுக்கிற நாயின் மூத்திரத்தை வெறுங்கையால் துடைக்காதீர்கள், காலில் புண் இருந்தால் செருப்பில்லாமல் அந்த இடத்தில் நடக்காதீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் நாய் வைத்திருக்கிற விஷயத்தை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வெறிநோய் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதவே கூடாது. கடி வாங்கிய நாய்க்கு நோய் வெளியே தெரிய வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். வெறிநோய் என்றால் கண் சிவந்து துரத்தும் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். அமைதியாக வருகிற வகை ஒன்று உண்டு: தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது, குரல் மாறும், மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். வீட்டார் தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டுப் பார்க்கிறார்கள். எச்சில் ஒழுகுகிற, தாடை தொங்குகிற நாயின் வாயில் ஒருபோதும் கை விடாதீர்கள். அறைக்கதவைச் சாத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அப்புறம் நேராக அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், ஊசி இலவசம். டாக்டர் சொல்லும் தவணை ஒன்றைக்கூட விடக்கூடாது. பல் தோலைத் துளைத்தோ கீறியோ ரத்தம் வந்த காயம் என்றால், காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புமருந்து ஊசியும் வேண்டும், ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு வாங்குங்கள். அடிக்கடி நாய்களை எடுக்கிற குடும்பம் என்றால் கடி படும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்: முதல் நாள், ஏழாம் நாள், அப்புறம் 21 அல்லது 28ஆம் நாள். அதற்குப் பிறகு கடி பட்டாலும் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை.

இனி வீட்டு மனிதர்கள். நாயை எடுக்கும் முன் வீட்டில் எல்லாரும் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள். காலையில் மூத்திரம் கழுவுவது யார், மருந்துச் செலவு யாருடையது, வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் யார் சொல்வது, சாமி அறை, அடுப்பங்கரைப் பக்கம் வராமல் எப்படிப் பார்ப்பது. இளவட்டங்கள் ஆசையில் தூக்கி வந்துவிட்டுக் காலேஜுக்குப் போய்விட, வேலையெல்லாம் அம்மா தலையில் விழுகிறது, ஒரே வாரத்தில் நாயும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெருமாள்புரத்தில் ஒரு வீடு. கால் ஒடிந்த, மனிதரைக் கண்டாலே நடுங்குகிற ஒரு பெண் நாயைப் பேத்தி எடுத்து வந்தாள். ஆச்சிக்குத் துளியும் சம்மதமில்லை. ஒரு மாதம் கழித்து நாயைக் காட்ட வந்தபோது அது ஆச்சி காலடியை விட்டு நகரவில்லை. எப்படி என்று கேட்டேன். "எனக்கு நாயின்னாலே ஆவாது டாக்டரம்மா. நேரத்துக்குச் சோத்தை வச்சிட்டு, தார்சாவுல உக்காந்து எம்பாட்டுக்குக் கீரை ஆஞ்சுக்கிட்டு இருப்பேன். அது பாட்டுக்குக் கெடந்துச்சு, அதுவா வந்துச்சு" என்றார்கள். பயந்த நாய்க்கு நாங்கள் சொல்கிற வைத்தியம் இதுதான். உற்றுப் பார்க்காமல், கை நீட்டாமல், பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது. பேத்தி கொஞ்சப் போனபோதெல்லாம் கட்டிலுக்கடியில் ஓடிய நாய் அது.

பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக் கொடுங்கள்: தூங்குகிற, சாப்பிடுகிற நாய்ப் பக்கம் போகக் கூடாது, அதுவாக வந்தால் தடவலாம், முகத்தோடு முகம் வைக்கக் கூடாது. சின்னக் குழந்தையையும் நாயையும் தனியே விடாதீர்கள், எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சரி. உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை, அதை அடித்து அடக்கினால் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சிப்பிப்பாறை, கன்னி வகை நாய்கள் கைவிடப்பட்டு வருவதுண்டு. ஓடுவதைக் கண்டால் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது, கோழியும் ஆட்டுக்குட்டியும் நிற்கிற வளவில் அவற்றை அவிழ்த்துவிட முடியாது.

அடிபட்டுத் தேறிய பெரிய தெரு நாய் என்றால், அதன் தெருவில் சோறு போட ஆள் இருந்தால், கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து அதே இடத்தில் விடுவதில் தப்பில்லை. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகளும் கருத்தடை முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. அதற்கு அந்த இடம்தான் வீடு. வேறு ஏரியாவில் கொண்டுபோய் விட்டால் அங்கே இருக்கிற நாய்கள் குதறிவிடும். உங்கள் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த குட்டியைத் தெருவில் விடுவது வேறு விஷயம், அதற்கு வண்டியைக் கண்டு ஒதுங்கக்கூடத் தெரியாது. அதற்கு ஒரு வீடு தேடித்தான் ஆக வேண்டும்.

வீடு கிடைத்ததும் அவசரப்படாதீர்கள். ஒரு தடவை நேரில் போய் அவர்கள் வாசல், கேட், மதில் எல்லாம் பாருங்கள். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்: எந்த ஊசி எந்தத் தேதியில், குடற்புழு மருந்து எப்போது, என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், கருத்தடை எப்போது செய்ய வேண்டும். அவர்களால் முடியாமல் போனால் வேறு யாரிடமும் கொடுக்காமல் உங்களிடமே திருப்பித் தரச் சொல்லுங்கள். கைமாற்றுகிற நாள் தீபாவளி வாரத்தில் விழுந்தால் பத்து நாள் தள்ளிப் போடுங்கள். பழகாத வீட்டில் வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டைத் தாண்டி ஓடிப்போன நாய்களைத் தேடி ஒவ்வொரு ஐப்பசியிலும் எங்களுக்கு போன் வருகிறது.