புரதம்: பெயர் எங்கிருந்து வந்தது, எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது எவ்வளவு?

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவரிடம் "இன்றைக்குப் புரோட்டீன் ஆச்சா?" என்று கேட்டால், "காலையிலேயே குடிச்சாச்சு" என்பார். அவர் குடித்தது பவுடர். பேச்சில் அந்தச் சொல்லின் பொருள் அவ்வளவுக்குச் சுருங்கிவிட்டது. 30 கிராம் பவுடர் போட்டால் 30 கிராம் புரோட்டீன் உள்ளே போய்விட்டது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். டப்பாவைத் திருப்பிப் பின்பக்க அட்டவணையைப் பாருங்கள். ஒன்றில் 24 கிராம் இருக்கும், இன்னொன்றில் 12 கூடத் தேறாது, மிச்சமெல்லாம் சர்க்கரையும் மாவும்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். 1838இல் நெதர்லாந்து வேதியியலாளர் முல்டர் முட்டை வெள்ளைக்கரு, இரத்தத்தில் உள்ள நார்ப்பொருள் போன்றவற்றை ஆராய்ந்து, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே மூலப்பொருள் இருப்பதாக முடிவுகட்டினார். அதற்குப் 'புரோட்டீன்' என்ற பெயரைக் கடிதத்தில் எடுத்துக்கொடுத்தவர் ஸ்வீடனின் பெர்சீலியஸ். 'முதன்மையானது, முதலிடத்தில் நிற்பது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. முல்டரின் 'ஒரே மூலப்பொருள்' கருத்து நிற்கவில்லை. அமினோ அமிலங்கள் வெவ்வேறு வரிசையில் கோத்த சங்கிலிகளே புரோட்டீன்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

தமிழில் 'புரதம்'. மாவுச்சத்து, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் பொருளைச் சொல்லும் பெயர்கள், இது ஒன்றுதான் ஒலியைத் தமிழுக்கு வளைத்து எடுத்துக்கொண்ட பெயர். இதைத் தமிழ் என்று ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. புரத்தல் என்றால் காத்தல், புரவலர் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான், அதனால் புரதம் கேட்பதற்கு வேரோடு வந்த சொல் போலவே இருக்கிறது. ஆனால் அது தற்செயல், அதை வைத்து வேர் காட்ட வேண்டாம். என்னைக் கேட்டால் புரதம் நல்ல சொல். சத்தைச் சொல்லும்போது 'புரதம்', டப்பாவைச் சொல்லும்போது 'புரதப் பவுடர்' என்று பிரித்துப் பேசினாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தக் குழப்பம் ஏன் ஆபத்து என்றால், வயிற்றில் இடமே இல்லை. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்கு அல்லது அதற்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள்; இரைப்பையைப் பிரித்துக் குடலோடு இணைக்கும் பைபாஸ் முறையில், உணவுக்குச் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பைதான் மிஞ்சும். ஆனால் நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான இலக்கு, குடலின் பெரும்பகுதியைத் தாண்டிவிடும் முறைகளில் இன்னும் கூடுதல். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், அப்படியென்றால் முட்டையை மட்டும் நம்பினால் 60 கிராமுக்குப் பத்து முட்டை, நாலு கரண்டியிலேயே நிறைந்துவிடும் வயிற்றில் அது எங்கே போகும்? அதனால்தான் முதல் சில மாதங்களுக்குப் பவுடர், அதனால்தான் தட்டில் புரத உணவை முதலில் முடித்துவிட்டு மற்றதைத் தொடு என்கிறார்கள், சாப்பிட்டதும் அரை மணி நேரம் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்வார்கள். வரவு குறைந்தால் உடல் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். தராசில் எடை இறங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவோம், இறங்கியது கொழுப்பா தசையா என்று தராசு சொல்லாது.

இன்னொன்று, கொலாஜன் பவுடர். முடி கொட்டும் சமயத்தில் அதைத்தான் தேடி ஓடுவார்கள். அதுவும் புரதம்தான், ஆனால் உடலால் தானே செய்துகொள்ள முடியாத டிரிப்டோஃபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் கிடையாது. அன்றாடக் கணக்கில் அதை முழுப் புரதமாகச் சேர்க்கக் கூடாது.

மாத்திரைகளிலும் இதே பெயர்க் குழப்பம். கால்சியம் சிட்ரேட் 1000 மில்லிகிராம் என்று அட்டையில் இருந்தால், உள்ளே இருக்கும் கால்சியம் சுமார் 210தான். அந்த நிகர அளவைத் 'தனிம அளவு' என்பார்கள். நாளுக்கு 1200 முதல் 1500 என்று மருத்துவர் சொல்வது இந்தத் தனிம அளவை, அதையும் ஒரே வேளையில் விழுங்காமல் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். சிட்ரேட் வகையை எழுதித் தருவதற்குக் காரணம், அமிலம் குறைந்துபோன வயிற்றிலும் அது உறிஞ்சப்படும். இரும்புச்சத்து மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்த்துப் போடாதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பைபாஸில் உணவு முன்சிறுகுடலைத் தொடாமலே போகிறது, இரும்பு அதிகம் உறிஞ்சப்படுவதே அங்கேதான்.

வைட்டமின் பி12 வேறு கதை. கல்லீரலில் அது பல ஆண்டுகளுக்குச் சேமிப்பில் இருப்பதால், மாத்திரையை நிறுத்தியவருக்கு முதல் வருடம் ஒன்றுமே தெரியாது; கால் மரத்துப்போகும்போதுதான் தெரியும். பி1 இதற்கு நேர் எதிர், அதன் கையிருப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாந்தி நிற்காமல் தொடர்ந்தால், 'பழகிவிடும்' என்று வீட்டில் உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே பி1 தர வேண்டியிருக்கும் என்பதால் அறுவை சிகிச்சை நடந்த விவரத்தை அங்கே போனதும் முதலில் சொல்லிவிடுங்கள்.