இலைச்சோறு தெரியும், தட்டுச்சோறு தெரியாது

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் சர்க்கரையால் பார்வை குறைந்த ஆச்சிமார்களைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள். “வாசல்ல யாரு வர்றாகன்னு சரியாச் சொல்றாக. ஆனா முற்றத்துப் படியில தடுக்கி விழுறாக. கவனமே இல்ல.” கவனத்தில் குறை இல்லை. கோளாறு விழித்திரையில் இருக்கிறது.

உடலில் ஆக்ஸிஜனை மிக அதிகமாகச் செலவழிக்கும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. சர்க்கரை பல வருடம் கூடியே இருந்தால் அதன் நுண்ணிய ரத்தக்குழாய்களைத் தாங்கும் செல்கள் அழிகின்றன. குழாயின் சுவர் தளர்ந்து புடைக்கிறது, நீரும் கொழுப்பும் கசிகின்றன. அந்தக் கசிவு நடுப்பகுதியான மாக்குலாவில் தேங்கினால் எழுத்து நெளியும், முகம் மங்கும். வேறு சில குழாய்கள் அடைத்துக்கொள்ளும். ஆக்ஸிஜன் கிடைக்காத அந்தப் பகுதி விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை முளைக்க வைக்கும். உறுதியில்லாத அந்தக் குழாய்கள் உடைந்தால் கண்ணுக்குள்ளேயே ரத்தம் கசியும்.

கண்ணில் போடும் ஊசி அந்தப் புரதத்தை முடக்குகிறது. லேசர் செய்வது வேறு வேலை. ஓரத்து விழித்திரையைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு, ஆக்ஸிஜன் தேவையையே குறைக்கிறது. நடுப்பார்வை தப்பிக்கும், ஆனால் இரவுப் பார்வையும் பக்கவாட்டுப் பார்வையும் கொஞ்சம் போகலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நியாயம். சொல்லாவிட்டால், அந்தியில் தடுமாறும்போது லேசரே கண்ணைக் கெடுத்துவிட்டது என்று பயந்து சிகிச்சையை நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த நோயில் நிறத்துக்கு நிறம் வித்தியாசம் பிரித்தறியும் திறனும் குறைகிறது. மருத்துவமனைப் பலகையில் வெள்ளை மேல் கறுப்பு எழுத்தை வாசித்துவிடுபவருக்கும் ஒரே நிறத்தில் இருக்கும் தரையும் படியும் ஒன்றாகவே தெரியும். செட்டிநாட்டு வீடு இதை இன்னும் கடினமாக்குகிறது. முற்றத்தில் சுள்ளென்று வெயில், உள்ளறையில் பகலிலும் அரையிருட்டு. பளபளக்கும் ஆத்தங்குடித் தரையில் வெளிச்சம் பட்டுக் கூசும். படி விளிம்பில் நாலு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, உள்ளே பகலிலும் விளக்கு எரியவிட்டாலே விழுவது குறையும். அழகு கெடும் என்று தயங்க வேண்டாம், இடுப்பெலும்பு முறிவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. சாப்பாட்டிலும் இதே கணக்குதான். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு மறைந்துபோகும், பச்சை வாழையிலையில் பளிச்சென்று தெரியும். தேங்காய்ச் சட்னியை இட்லி மேல் ஊற்றாமல் இலையில் தனியே வைத்தால் கை தேடி அலையாது.

நேற்றுத் தெரிந்தது இன்று தெரியவில்லை என்று சொன்னால் நம்புங்கள். மாக்குலா வீக்கம் பலருக்குக் காலையில் கூடி, பகலில் சற்று வடியும். ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கினால் கண் லென்ஸின் பவரும் மாறும். அதனால் சர்க்கரை நிலைப்படும்வரை புதுக் கண்ணாடி எழுத வேண்டாம்.

ஆனால் திடீரென்று கறுப்புப் புள்ளிகள் கொட்டினாலோ, திரை விழுந்தாற்போல ஒரு பக்கம் மறைந்தாலோ மறுநாளுக்குத் தள்ளக் கூடாது. அன்றைக்கே விழித்திரை மருத்துவர் இருக்கும் இடத்துக்கு, மதுரைக்கானாலும், கிளம்ப வேண்டும். சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்துப் பார்ப்பார்கள். அதன்பின் சில மணி நேரம் கண் கூசும் என்பதால் கூட ஒருவர் போவது அவசியம்.