80-க்கும் 125-க்கும் நடுவே

மக்கள் மருந்தகத்தில் பாதிக்கும் குறைவான விலையில் விற்கிற மாத்திரையில் வீரியமும் குறைவாக இருக்குமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அங்கே விற்பது ‘ஜெனரிக்’, அதாவது ஒரு நிறுவனம் முதலில் கொண்டுவந்த மூல மருந்தின் காப்புரிமை முடிந்த பிறகு மற்றவர்கள் தயாரிக்கும் அதே மருந்து. விலை குறைவதற்குக் காரணம் எளிது: காப்புரிமை முடிந்த மருந்துக்கு ஆராய்ச்சிச் செலவில்லை, விளம்பரமும் குறைவு. வீரியம்தான் சுவையான விஷயம்.

மூல மருந்துக்கு ஜெனரிக் சமம்தானா என்று பார்க்க, ஆரோக்கியமான சில டஜன் பேரைச் சேர்ப்பார்கள். பாதிப்பேருக்கு மூல மருந்து, மீதிப்பேருக்கு ஜெனரிக். அது உடம்பைவிட்டு முழுக்க வெளியேறிய பிறகு மாற்றிக் கொடுப்பார்கள். ஆக, ஒவ்வொருவரின் உடம்பும் அதே உடம்போடுதான் ஒப்பிடப்படுகிறது! சீரான இடைவெளியில் ரத்தம் எடுத்து, மருந்தின் அளவை வரைபடமாக்குவார்கள். உச்சம் எவ்வளவு, கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு (ரத்தத்தில் சேர்ந்த மொத்த மருந்து) எவ்வளவு என்ற இரண்டும் மூல மருந்தினுடையதில் 80 முதல் 125 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

அதென்ன 125? 120 அல்லவா வர வேண்டும்? இங்கே பார்ப்பது விகிதத்தை. 80-க்கும் 100-க்கும் உள்ள விகிதம் 4:5. 100-க்கும் 125-க்கும் அதே 4:5.

இதைக் கேட்டதும் ‘அப்போ 20 சதவீதம் மருந்து குறையலாமா?’ என்று பலர் பதறுகிறார்கள். கூடாது. மாத்திரைக்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது வேறு சோதனை, அதில் கிடைக்கும் சலுகை மிகக் குறுகியது. இங்கேயும் சராசரி மட்டும் உள்ளே இருந்தால் போதாது. ஆளுக்கு ஆள் வரும் ஏற்ற இறக்கத்தையும் கணக்கிட்டுப் போடும் 90 சதவீத நம்பக இடைவெளி (உண்மையான சராசரி இருக்கக்கூடிய வரம்பு) முழுவதும் எல்லைக்குள் அடங்க வேண்டும். சராசரி 82-ல் நின்றால் இடைவெளியின் கீழ்முனை பெரும்பாலும் 80-ஐத் தாண்டிக் கீழே போய்விடும். அமெரிக்காவில் 12 ஆண்டுகளில் வந்த 2,070 ஆய்வுகளைத் தொகுத்தபோது, பரப்பில் சராசரி வித்தியாசம் சுமார் 3.5 சதவீதம்தான்.

ஆனால் அளவு கொஞ்சம் பிசகினாலும் ஆபத்தான மருந்துகள் உண்டு. 1968-ல் ஆஸ்திரேலியாவில், வலிப்புக்கான ஃபெனிட்டாயினில் நிரப்புப் பொருளாக இருந்த கால்சியம் சல்ஃபேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் சேர்த்தார்கள். மருந்தின் அளவு மாறவில்லை. உடம்பு உறிஞ்சியது கூடிவிட்டது, நோயாளிகளுக்கு நச்சு விளைவுகள் வந்தன. ஃபெனிட்டாயின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், தைராய்டு மாத்திரை போன்றவற்றை டாக்டரிடம் கேட்காமல் நிறுவனம் மாற்றாதீர்கள்.

இன்னொன்று. நம் ஊரில் பிராண்டு பெயர் போட்டு விற்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை ஜெனரிக்தான். நீரில் எளிதில் கரையாத வகை மருந்துகளுக்கு இந்தச் சமநிலைச் சோதனையை இந்தியா கட்டாயமாக்கியதே 2017-ல்தான். எந்த மருந்து எதற்குச் சமம் என்று சொல்லும் ‘ஆரஞ்சுப் புத்தகம்’ என்ற பட்டியலை அமெரிக்காவில் யாரும் பார்க்கலாம். நம் மருந்துக்கடைக்காரரும் நோயாளியும் பார்க்கும்படி அப்படியொன்றை இங்கேயும் அரசு வெளியிட வேண்டும், சோதனைக்கூடங்களுக்கு இன்னும் பணம் ஒதுக்க வேண்டும்.